கடற்கரையில் பழகி மலைக்காட்டுக்குப் போவது: கிராவல் சைக்கிள்காரருக்கு ஒரு பதில்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சரளையிலும் மண் பாதையிலும் ஓட்டத் தோதான, அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். மலையும் காடுமாக உள்ள ஒரு தேசியப் பூங்காவுக்குள் மண் பாதையில் இரண்டு மூன்று நாள் ஓட்ட வேண்டும் என்று ஆசை. வெளிநாட்டுக் காணொளிகளில் அப்படித்தான் போகிறார்கள். நான் எந்தப் பாதையில் போகலாம்? மேடே இல்லாத நம் ஊரில் இதற்கு எப்படிப் பழகுவது?"

தம்பி, ஆசை நல்ல ஆசை. பாதைகளின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அனுமதியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதில் தெளிவில்லாமல் கிளம்பினால் சோதனைச் சாவடியோடு பயணம் முடிந்துவிடும். யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விட்டால் அது இன்னும் மோசம்.

வெளிநாடுகளில் பல பூங்காக்களில் சைக்கிளுக்கென்றே பாதை குறித்து வரைபடம் தருகிறார்கள். நம் நாட்டில் ஏற்பாடு வேறு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் யார் யார் நுழையலாம் என்று வரிசைப்படுத்துகிறது: பணியில் உள்ள அரசு ஊழியர், உள்ளே நிலம் வைத்திருப்பவர், பொதுச் சாலை வழியாகக் கடந்து போகிறவர், அனுமதிச் சீட்டு பெற்றவர், இப்படிச் சிலர். 35-ஆவது பிரிவு அதையே தேசியப் பூங்காவுக்கும் பொருத்துகிறது. ஆக, நமக்குத் திறந்திருப்பவை இரண்டே வழிகள்: பொதுச் சாலை, அல்லது வனத்துறையின் அனுமதி. ஜீப் தடம், தீத்தடுப்புக் கோடு, வாட்சர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை எல்லாம் கிராவல் சக்கரத்துக்கென்றே போட்டதுபோல் தோன்றும். அவற்றில் இறங்கினால் அது அத்துமீறல்தான்.

இது நம் கரைக்குப் புதிய செய்தி இல்லை. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986 முதல் நம் வாசலில் இருக்கிறது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். கீழக்கரைக்கு எதிரே உள்ள அப்பா தீவிலும் வாழைத் தீவிலும் நினைத்தபோது இறங்க முடியாது என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த மரியாதையைத்தான் மலைக்கும் கொடுக்கச் சொல்கிறேன்.

சட்டத்தைத் தாண்டி உயிர்க் காரணமும் ஒன்று உண்டு. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகளைக் கடுமையாக்கியது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் முறையைக் கொண்டுவந்தது. அவை நடந்து போகிறவர்களுக்கானவை. சைக்கிளோடு போய் நின்று வாதாடாதீர்கள்.

அப்படியானால் எங்கே ஓட்டுவது? காப்புக்காட்டின் ஓரமாகவும் ஊடாகவும் போகிற பொதுச் சாலைகள், மலைக் கிராமச் சாலைகள், உரிமையாளர் ஒப்புக்கொண்டால் தோட்டப் பாதைகள். இவற்றை வைத்தே இரண்டு மூன்று நாள் பயணம் தாராளமாக அமையும். ராமநாதபுரத்துக்காரருக்கு எட்டும் தொலைவில் இருப்பவை சிறுமலை, கொடைக்கானலின் கீழ்மலை, மேல்மலை, பிறகு மேகமலை.

முதல் ஏற்றத்துக்குச் சிறுமலை போதும். திண்டுக்கல்லிலிருந்து காலையில் ஏறி, மேலே உள்ள கிராமங்களின் வாழை, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டிவிட்டு, பிற்பகலில் இறங்கிவிடலாம். உங்கள் கியரும் பிரேக்கும் மலைக்குத் தகுதியா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

நான் மனதார சிபாரிசு செய்வது கீழ்மலையைத்தான். செம்பட்டி, சித்தையன்கோட்டை வழியாகப் பெரும்பாறைக்கு ஏறி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு தொட்டு, ஊத்து என்ற இடத்தில் வத்தலக்குண்டு–கொடைக்கானல் சாலையைப் பிடிக்கிற வழி. கொடைக்கானலுக்குப் போகும் கூட்டம் பெரும்பாலும் வத்தலக்குண்டுச் சாலையிலேயே போய்விடுவதால் இந்தப் பக்கம் நெரிசல் குறைவு. சாலையின் இருபுறமும் நிழல் மரத்தின் கீழே காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, இடையிடையே மலைவாழை. ஏற்றம் விட்டுவிட்டு வருவதால் புதியவருக்கும் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. பிரதான சாலை தார்தான், சில இடங்களில் தார் பெயர்ந்து ஜல்லியும் செம்மண்ணுமாகக் கிடக்கும். உண்மையான கிராவல் பாதை தோட்டங்களுக்குள் பிரிந்து போகிற கிளைகளில் இருக்கிறது. அவை தனியார் நிலம். வாசலில் இருக்கும் கங்காணியிடமோ மேஸ்திரியிடமோ, "அண்ணே, இந்தப் பாதை அடுத்த ஊருக்குப் போகுமா, நான் ஓட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். எந்தத் திருப்பத்தில் காட்டுமாடு படுத்திருக்கும் என்பதையும் அவரே சொல்வார். அது எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே காப்பிப் பழம் பறிக்கிற காலம். மூட்டை ஏற்றிய ஜீப்புகள் வளைவில் எதிரே வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் இடது ஓரத்தை விடாதீர்கள். தாண்டிக்குடியில் இரவு தங்கிவிடுவது நல்லது. அங்கே உயரம் ஏறத்தாழ 1,300 மீட்டர். நம் ஊர்ப் புழுக்கத்திலேயே வளர்ந்தவர்களுக்கு விடியற்காலைக் குளிர் உறைக்கும்.

மேல்மலை வழி கொடைக்கானலில் தொடங்கி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று நீளும். படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்களும் புல்வெளியும் பைன் காடும் மாறி மாறி வருகிற, கண்ணை எடுக்க முடியாத வழி. இங்கேதான் ஓர் எச்சரிக்கை. பேரிஜத்திலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் போகிற பழைய சாலை ஒன்று உண்டு. கிராவல் சைக்கிள்காரர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். பேரிஜம் ஏரி வரை வனத்துறை அனுமதி பெற்றுத்தான் போக முடியும். அதற்கு அப்பால் அந்தச் சாலை பல பத்தாண்டுகளாக மூடிக்கிடக்கிறது. கேரளப் பக்கம் அது பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவைத் தொடுகிறது. கிளாவரையிலிருந்து வட்டவடைப் பக்கம் இறங்குகிற தடமும் அப்படியே. யாரோ இணையத்தில் ஏற்றி வைத்த தடக்கோப்பு உங்கள் செல்போனில் நீலக் கோடாக மின்னுவதால் அது சாலையாகிவிடாது. அந்தக் கோட்டைப் பின்பற்ற வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

காடு, தேயிலை, ஏரி, ஆளரவமற்ற வளைவு என்று நீங்கள் கனவில் காண்கிற காட்சிக்கு மிக நெருங்கியது மேகமலை. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில் ஹைவேவிஸ் என்ற தேயிலைத் தோட்ட ஊர். அதற்கு மேல் மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று எஸ்டேட்டுகள் தொடர்கின்றன, அந்தத் தடத்தில் கல்லும் குழியும் தாராளம். ஆனால் 2021 முதல் இந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பொழுது சாய்ந்தபின் சாவடியில் விட மாட்டார்கள். ஏரிக்கரைக்கு யானை வந்து போகும். எதுவரை போகலாம் என்பதைச் சாவடியிலேயே அன்றைய நிலவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சொன்ன இடத்தோடு திரும்புங்கள். முதல் பயணத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

முதுமலை பற்றியும் சிலர் கேட்பார்கள். தெப்பக்காடு வழியாகப் போகும் நெடுஞ்சாலை பகலில் திறந்திருக்கும் பொதுச் சாலைதான். ஆயினும் யானைகள் அவ்வளவு அடிக்கடி கடக்கிற சமவெளிக் காட்டுச் சாலையில் சைக்கிளில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பயிற்சி. மேடே இல்லாத ஊர் என்று வருந்துகிறீர்கள். நம் கரையில் காற்று இருக்கிறதே, அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று சுழற்றி அடிக்கும்போது கீழக்கரையிலிருந்து சாயல்குடி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். மேற்கே போகப் போகக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். கியரைச் சற்றுக் கனமாக வைத்து, எழுந்து நிற்காமல், நிமிடத்துக்கு 55, 60 சுற்று என்று இருபது நிமிடம் விடாமல் மிதியுங்கள். கொஞ்சம் இளைப்பாறி மறுபடியும். நீண்ட ஏற்றத்தில் கால் செய்கிற வேலை ஏறத்தாழ இதுதான். தனுஷ்கோடிச் சாலையில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகும் அந்தச் சாலையில் ஹேண்டிலை இறுக்காமல் சைக்கிளை நேராக வைத்திருக்கப் பழகலாம். மலையில் திறந்த முகட்டில் திடீரென்று காற்று அடிக்கும்போது அது உதவும்.

மாவட்டத்தில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், படகுகள் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியது. போய்த் திரும்பி, போய்த் திரும்பி ஓட்டலாம். ஆனால் சுற்றுலா வாகனங்கள் நடுப்பாலத்தில் நின்று படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன், விடிந்தும் விடியாத நேரத்தில் முடித்துவிடுங்கள். காற்று மிஞ்சினால் பக்கத்துப் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கிற இடம் அது. அந்த நாளில் சைக்கிளும் வீட்டில் இருக்கட்டும்.

கிராவல் தரைக்குக் கண்மாய்க்கரைகளைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயின் கரையில் கெட்டிப்பட்ட செம்மண், உருளும் சரளை, மழையில் அரித்த ஓடை எல்லாம் அடுத்தடுத்து வரும். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போய், அங்கிருந்து பனங்காட்டு வண்டித்தடங்களில் பெரியபட்டினம் பக்கம் திரும்பினால் பொதிமணல் கிடைக்கும். பொதிமணலில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் புதைந்து சுழலும். உட்கார்ந்து, எடையைப் பின்னுக்குத் தள்ளி, கையைத் தளர்த்தி, ஒரே சீராக மிதித்தால்தான் நகரும். மலையில் சரளை கிடக்கும் செங்குத்திலும் இதே விதிதான்: எழுந்தால் பின்சக்கரம் வழுக்கும். அங்கே நெஞ்சை மட்டும் இன்னும் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் தூக்கும்.

நம் கரையிலும் ஒதுங்க வேண்டிய இடங்கள் உண்டு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்கள். 2022-ல் ராம்சர் என்கிற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றன. பறவைகள் கூடு கட்டியிருக்கும் மாதங்களில் அந்தக் கரைகளில் சக்கரம் ஓட்டாதீர்கள். தனுஷ்கோடியில் 2025-ல் பூநாரைகளுக்காகச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் கடற்கரை மணலில் ஏறி முட்டையிடும். அந்தக் காலத்தில் மணற்பரப்பை விட்டு விலகியே ஓட்டுங்கள். உப்பளத்து வரப்புகளும் ஆள் உள்ள இடங்கள்தாம், கேட்காமல் ஏறக் கூடாது.

கடற்கரை கற்றுத் தராதவை இரண்டு: தாழ்ந்த கியர், பிரேக். பயணம் பெரும்பாலும் கெடுவது இந்த இரண்டில்தான்.

கியர் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். முன்னால் 40 பல், பின்னால் பெரியது 28 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்தால், நூற்றுக்குப் பத்து சரிவில் அந்த வேகத்தில் ஏற 250 வாட்டுக்கு மேல் வேண்டும். பழகாத ஒருவரால் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தர முடியாது. முழங்கால்தான் விலை கொடுக்கும். பின்னால் 42 பல் இருந்தால் அதே மிதிக்கு வேகம் ஏழரையாகக் குறையும், தேவை 180 வாட் அளவுக்கு இறங்கும். சமவெளியில் ஒரு நாளும் தொடாத அந்தப் பெரிய பல்சக்கரம்தான் மலையில் உங்களைச் சைக்கிள் மேல் வைத்திருக்கும். கடையில் கேசட்டை, அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கை, மாற்றும்போது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற பின் டீரெயிலர் அந்த அளவைத் தாங்குமா என்று கேட்டு மாற்றுங்கள். நேரத்தைத் திட்டமிடும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். புதியவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 400 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் ஏமாற்றம் வராது. அந்தக் கணக்கில் மேகமலை ஏற்றம் மூன்று மணி நேர வேலை, ஓய்வு தனி.

பிரேக்குக்கு வருகிறேன். நம் ஊரில் பிரேக் பிடிப்பதே ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான். மலையில் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது அது தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். புதிய டிஸ்க் பிரேக் பேடு போட்டால் வேகமெடுத்து, கிட்டத்தட்ட நிற்கும் வரை குறைத்து, மறுபடி வேகமெடுத்து என்று பதினைந்து இருபது முறை செய்து படியவைத்த பிறகே மலைக்குக் கொண்டுபோங்கள். இறங்கும்போது பிரேக்கைச் சதா தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். வளைவுக்கு முன் நேரான இடத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விடுங்கள். சரளையில் சாய்ந்தபடி முன்பிரேக்கைப் பிடித்தால் விழுவது நிச்சயம். டிஸ்க் சூடேறி வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்; அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

டயர் 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். எழுபது கிலோ ஆளுக்குக் கண்மாய்க்கரையில் 30, 35 பிஎஸ்ஐ காற்று சரியாக இருக்கும். பொதிமணலில் 25-க்கு இறக்கலாம். மலையில் கூரான கல் ரிம்மைத் தொடாமலிருக்கச் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். டியூப் போட்ட டயரில் முள்ளைப் பிடுங்கி, பஞ்சர் ஒட்டி, மாட்டிய பிறகும் மறுநாள் காற்று இறங்கியிருக்கும். முள்ளின் முனை மட்டும் ஒடிந்து டயரின் உள்பக்கம் மயிரளவு நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழைய துணியை உள்ளே விட்டுச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள், நூல் சிக்குகிற இடத்தில் முள் இருக்கிறது. டியூப்லெஸ் என்றால் முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், உள்ளே இருக்கும் திரவம் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அந்தத் திரவம் விரைவில் காய்ந்துவிடும். மாதம் ஒரு முறை ஆட்டிப் பார்த்துச் சத்தம் கேட்காவிட்டால் ஊற்றுங்கள்.

உப்பு சத்தமில்லாமல் தின்னும். கடற்கரையில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். சீட் போஸ்ட்டைக் கழற்றிக் கிரீஸ் தடவி மாட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் அது சைக்கிளின் பிரேமோடு ஒட்டிவிடும்.

காட்டு விலங்குகள் விஷயத்தில் சைக்கிளுக்கு ஓர் ஆபத்து உண்டு. அது சத்தம் போடாது. பைக்கையும் ஜீப்பையும் யானை தொலைவிலேயே கேட்டுவிடும். நீங்கள் வளைவைத் திரும்பும்போதுதான் அதற்கும் உங்களுக்கும் தெரியும். மறைவான வளைவுகளில் மணி அடியுங்கள், கூட வருபவரோடு பேசிக்கொண்டே போங்கள். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் கிளம்பி, நாலு மணிக்கெல்லாம் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். சாலையில் சூடான சாணம், ஒடித்துப் போட்ட பச்சைக் கிளை, மூங்கில் முறியும் ஓசை இவற்றில் எது கண்டாலும் நின்றுவிடுங்கள். யானை தெரிந்தால் வந்த வழியே பின்வாங்கி, ஒரு பஸ்ஸோ ஜீப்போ வரும்வரை காத்திருங்கள். தாண்டிவிடலாம் என்ற நினைப்பே வேண்டாம். காட்டுமாடு சாதுவாகத் தோன்றும். அதற்கும் ஒதுங்கிப் போக இடம் விட்டு நில்லுங்கள்.

காலம் பார்த்தால், ஐப்பசி கார்த்திகையில் பழனி மலையில் மண்சரிவு. மாசிக்குப் பிறகு தீப்பருவம், பல பாதைகளை மூடிவிடுவார்கள். சித்திரை வைகாசியில் கொடைக்கானல் முழுக்க வாகனம். மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் தோது. கார் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கொடைக்கானல் போனால் அந்தக் காருக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, உங்கள் சைக்கிள் பாட்டில் போதும். தேனிப் பக்கம் போக மதுரையிலிருந்து போடி ரயில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பையில் கட்டினால் சிரமமில்லை. இறக்கத்துக்கு ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை அவசியம், ஏறும்போது நனைந்த வியர்வை இறங்கும்போது நடுக்கிவிடும். மழை ஈரம் இருந்தால் அட்டை ஏறும். அதற்கு நம் ஊர் உப்பில் ஒரு சிறு பொட்டலம் பையில் இருக்கட்டும்.

இந்த ஆண்டு ஆடிக் காற்றில் தொடங்குங்கள். புரட்டாசிக்குள் கேசட்டும் பிரேக்கும் தயாராகட்டும். கார்த்திகை மழை விட்டதும் சிறுமலை, தையில் கீழ்மலை. மேகமலை அடுத்த ஆண்டுக்கு. தனியாகப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முந்திய வாரம் அந்தப் பகுதி வனச்சரகர் அலுவலகத்துக்குப் போன் செய்து, நீங்கள் போகும் சாலை திறந்திருக்கிறதா, யானை நடமாட்டம் எப்படி என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.